சம்பளம், கிணறு, பொலிஸ்: திருகோணமலைக்காரர் கேட்ட சட்டக் கேள்விகள்

நான் திருகோணமலையில் தொழில் வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி. மாவு ஆலை, சீமெந்து, எண்ணெய்க் குதம், துறைமுகம் என்று பெயர் பெரிய ஊர்தான். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலரிடம் நியமனக் கடிதம்கூட இருப்பதில்லை. வந்த கேள்விகளைச் சுருக்கி, பெயர்களை விட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்.

சேர், நான் சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேன்பவர் முகவர் மூலம் வேலை செய்கிறேன். சம்பளச் சிட்டையில் ஈபிஎஃப் வெட்டுகிறார்கள். ஆனால் கணக்கில் காசு இல்லை. கேட்டால் "நீ கொன்ட்ராக்ட் ஆள்தானே" என்கிறார்கள்.

கொன்ட்ராக்ட், தற்காலிகம், நாட்கூலி எதுவானாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி உண்டு தம்பி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி தன் பங்காக 12 சதவீதம். ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 சதவீதம் தனி, அது முழுக்க முதலாளியின் தலையில். உங்களிடம் வெட்டிய காசைக் கட்டாமல் வைத்திருப்பதைப் பாக்கி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்தவன் காசை எடுத்து வைத்திருப்பதற்கு ஊரில் வேறு பெயர் இருக்கிறது.

தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். முகவர், தொழிற்சாலை இரண்டின் பெயரையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்பப் பார்ப்பார். பிந்திக் கட்டினால் 5 சதவீதத்தில் தொடங்கி 50 வரை மேலதிகக் கட்டணம் ஏறும். அப்படியும் கட்டாவிட்டால் தொழில் ஆணையாளர் தரப்பு நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பி, தண்டப்பணம் அறவிடுவது போல அறவிடலாம்.

சம்பளச் சிட்டைகளை எறியாதீர்கள். சிட்டையே தராத இடமென்றால் வரவுப் பதிவைப் போனில் படம் எடுத்து வையுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஓவர்டைமுக்கு ஈபிஎஃப் இல்லை என்பது சரி. ஆனால் வாழ்க்கைச் செலவுப் படியைச் சேர்க்கத்தான் வேண்டும். அதை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கணக்குப் பார்க்கும் இடங்கள் உண்டு.

ஏழு வருடம் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தேன். ஓடர் குறைந்துவிட்டது, நாளை முதல் வரவேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். விலகல் கடிதம் எழுதித் தந்தால் பணிக்கொடை உடனே தருவார்களாம். எழுதவா?

எழுதாதீர்கள் அக்கா. விலகினாலும் விலக்கினாலும் பணிக்கொடை உங்களுக்கு வரவேண்டியதுதான். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்திருந்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு மூன்றரை மாதச் சம்பளம், அதுவும் 30 நாளுக்குள். அந்தக் கடிதம் அவர்களுக்குத்தான் தேவை. நீங்களாகப் போனீர்கள் என்று காட்டினால் மற்றக் கதவு அடைபட்டுவிடும்.

அந்த மற்றக் கதவு 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஆளை நிறுத்துவதானால் உங்கள் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ முன்கூட்டியே வேண்டும். இதற்கும் 15 பேர் கணக்கு உண்டு. முறைப்பாட்டுக்குக் கெடு 6 மாதம். ஒழுக்காற்றுக் காரணம் காட்டி நிறுத்தியிருந்தால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அங்கும் 6 மாதம்தான். "முதலாளி திரும்பக் கூப்பிடுவார்" என்று பார்த்துக்கொண்டிருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஆலையிலிருந்து தூசு வருகிறது. இப்போது கிணற்றுத் தண்ணீரிலும் எண்ணெய் வாடை. பிரதேச சபையில் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை.

வாயால் சொன்னது கணக்கில் வராது. முதலில் தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கை எடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: அந்த ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா, எந்த நிபந்தனைகளோடு, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி பொதுத் தொல்லையை நிறுத்தும்படி நீதவான் கட்டளையிடலாம். பெரிய அளவில் பார்த்தால் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் வழக்கு இருக்கிறது. மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த அந்த விடயத்தில், 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி மின் நிலையக் கம்பனிக்கு உத்தரவிட்டது. கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கைகள் இல்லாமல் அந்த வழக்கு நின்றிருக்காது.

எண்ணெய்க் குத ஒப்பந்தத்தைச் சாதாரண ஆள் கேட்டுப் பார்க்கலாமா?

கேட்கலாம். 2022 ஜனவரியில் குதத்தின் 99 தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கும் என்று பிரித்தார்கள். கூட்டுத்தாபனம் பொது அதிகாரசபை என்பதால் அதன் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். வர்த்தக இரகசியம் என்று மறுக்கக்கூடும். ஆனால் பொதுநலன் பெரிதாக இருந்தால் அந்த விலக்கு நிற்காது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் இருக்கிறது.

பொலிஸில் என் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார்கள்.

வாசிக்க முடியாததில் கையெழுத்து வேண்டாம். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.

ஐயா, கடற்கரையில் ஐந்து பிள்ளைகளைச் சுட்ட ஊர் இது. அதற்கே நீதி இல்லை. கடிதமும் முத்திரையும் என்னத்துக்கு?

இந்தக் கேள்விக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். 2006 ஜனவரி 2இல் அந்த மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றுதான் முதலில் கதை சொன்னார்கள். தலையில் சூட்டுக் காயங்களைக் காட்டிய படங்களை எடுத்த பத்திரிகையாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலையில் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் 13 பேரையும் 2019 ஜூலையில் நீதவான் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவித்தார். சாட்சிகள் பயந்து நாட்டை விட்டுப் போன பிறகு சாட்சியம் எங்கிருந்து வரும்? அந்தப் பெற்றோருக்கு இந்த நாடு பட்ட கடனை நான் எழுதும் எந்த மனுவும் தீர்க்காது.

ஆனால் கைக்குண்டுக் கதையை இன்று யாரும் சொல்லத் துணிவதில்லை. அதற்கு அந்தப் படங்களும் மரண விசாரணைப் பதிவும்தான் காரணம். உங்கள் ஈபிஎஃப் பிரச்சினையில் சாட்சி சொல்ல யாரும் நாட்டை விட்டு ஓடத் தேவையில்லை. வெல்லக்கூடியதை ஏன் விட வேண்டும்?

அரச அதிகாரி ஒருவர் எனக்கு அநியாயம் செய்துவிட்டார். அடிப்படை உரிமை மனுவுக்குக் கெடு ஒரு மாதமாமே? கொழும்புக்குப் போக வசதியில்லை.

ஒரு மாதம்தான். அதற்குள் திருகோணமலையில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கெடுவில் சேராது. ஆனால் வெறும் பற்றுச்சீட்டு போதாது, விசாரணை நடப்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சில வழக்குகளில் சொல்லியிருக்கிறது. அதனால் ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு வைத்திருங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவிலும் இதே வாரம் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், கெடுவின் கடைசி நாள் வரை வைத்திருக்க வேண்டாம்.