கிளெய்மே போடவில்லை, பிரீமியம் ஏன் ஏறுகிறது?

மருத்துவக் காப்பீட்டில் ஐந்து வருடமாக ஒரு கிளெய்ம்கூடப் போடவில்லை. ஜி.எஸ்.டி.யும் இல்லை என்றார்கள். ஆனாலும் ரெனியூவல் நோட்டீஸில் பிரீமியம் எகிறியிருக்கிறதே?
– வாசகர், மதுரை

தனிநபர் பாலிசியில் நீங்கள் கிளெய்ம் போட்டீர்களா என்று பார்த்து பிரீமியத்தைக் கூட்ட, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதிகள் இடம் தருவதில்லை. அந்தத் திட்டத்தில் இருக்கும் எல்லோருக்குமாகச் சேர்த்துத்தான் விலையை மாற்றுவார்கள். அதனால், கிளெய்ம் போட்டால் பிரீமியம் ஏறிவிடும் என்று பயந்து சொந்தக் காசில் பில் கட்டாதீர்கள். கிளெய்ம் போடாத வருடங்களுக்குச் சேரும் போனஸ் வேண்டுமானால் குறையலாம், அவ்வளவுதான்.

முதலில் பார்க்க வேண்டியது வயதுப் படி. பல திட்டங்களில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டணம் அடுத்த படிக்குத் தாவும். குடும்பம் முழுவதும் ஒரே காப்பீட்டுத் தொகையைப் பகிரும் ஃபேமிலி ஃப்ளோட்டரில் மூத்தவரின் வயதுதான் கணக்கு. பெற்றோரும் அதே பாலிசியில் இருந்தால் அவர்களுக்குத் தனி பாலிசி விலை கேட்டு, இரண்டையும் கூட்டி ஒப்பிடுங்கள்.

ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், ஃப்ளோட்டர் பாலிசிகளுக்கு நீங்கியது உண்மை. ஆனால் ஏஜென்ட் கமிஷன், வாடகை போன்றவற்றுக்கு நிறுவனம் கட்டும் வரியை இப்போது திரும்பப் பெற முடியாது. அந்தச் சுமை அடிப்படை பிரீமியத்தில் ஏற வாய்ப்புண்டு. போன வருட ரசீதில் வரிக்கு முந்தைய தொகையை எடுத்து, அதோடு ஒப்பிட்டால்தான் உண்மையான உயர்வு தெரியும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டுவதென்றால் நிறுவனம் முதலில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்தாக வேண்டும். இது 2025 ஜனவரி உத்தரவு.

ஒரே ஆபரேஷன்தான். ஜெனரல் வார்டில் ஒரு பில், தனி ரூமில் ஒரு பில். இன்சூரன்ஸ் கம்பெனியும் பாதியைப் பிடித்துக்கொண்டது. ஏன்?
– வாசகி, திருச்சி

பல மருத்துவமனைகளில் ரூம் வகையைப் பொறுத்து டாக்டர் ஃபீஸ், ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) கட்டணம், நர்ஸிங் எல்லாமே மாறும். கட்டிலுக்கு மட்டும் கூடுதல் காசு என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் இம்பிளான்ட்டுக்கும் 2017-ல் மத்திய அரசு உச்ச விலை வைத்தது. ஆனால் அந்த உத்தரவுகள் ஆபரேஷன் கட்டணத்தையோ ரூம் வாடகையையோ தொடவில்லை. மருத்துவமனை வாங்கும் இயந்திரங்களுக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யும் பெரும்பாலும் நம் பில்லில்தான் வந்து விழுகிறது.

பாதி பிடித்ததன் கணக்கு இது. பாலிசியில் ரூம் வரம்பு நாளுக்கு 3,000. நீங்கள் எடுத்தது 6,000 என்று வையுங்கள். நான்கு நாள் ரூம் 24,000, சர்ஜன், மயக்க மருத்துவர், ஓ.டி., நர்ஸிங் சேர்த்து 1,20,000. வரம்பு உங்கள் ரூம் வாடகையில் பாதி என்பதால், இரண்டிலும் பாதிதான் கிடைக்கும். கையிலிருந்து 72,000 போகும். ஆனால் மருந்து, பரிசோதனை, இம்பிளான்ட், ஐ.சி.யூ. கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதப் பிடித்தம் கூடாது. ரூம் வகைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையிலும் கூடாது. செட்டில்மென்ட் கடிதத்தை வரி வரியாகப் பாருங்கள். தவறாகப் பிடித்திருந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

5 லட்சம் பாலிசி போதவில்லை. 25 லட்சமாக்க பிரீமியம் கட்டுப்படியாகவில்லை.
– வாசகர், சேலம்

5 லட்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 5 லட்சம் டிடக்டிபிளோடு (அந்தத் தொகை வரை இந்த பாலிசி தராது, அதைத் தாண்டியதைத்தான் தரும்) 20 லட்சத்துக்கு சூப்பர் டாப்-அப் என்ற கூடுதல் பாலிசி எடுங்கள். வெறும் டாப்-அப் வேண்டாம். ஒரே வருடத்தில் 3 லட்சம், 4 லட்சம் என இரண்டு பில் வந்தால் டாப்-அப் ஒரு பைசா தராது, ஏனென்றால் எந்த பில்லும் தனியாக 5 லட்சத்தைத் தாண்டவில்லை. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டிப் பார்த்து 2 லட்சம் தரும்.

வேறு கம்பெனிக்கு மாறினால் சர்க்கரை நோய்க்குக் கிளெய்ம் கிடைக்கும்வரை உள்ள காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்தா?
– வாசகி, நாகர்கோவில்

பழைய பாலிசியின் தொடர்ச்சியோடு வேறு நிறுவனத்துக்குப் போகும் போர்ட்டிங் முறையில் மாறினால் இல்லை. பழைய காப்பீட்டுத் தொகை வரைக்கும் கழித்த காலம் கணக்கில் வரும். கூடுதலாக எடுக்கும் தொகைக்கு மட்டும் புதிதாகக் காத்திருக்க வேண்டும். ரெனியூவல் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். சர்க்கரையை மறைக்காதீர்கள். புதிய நிறுவனம் மறுக்கவும் உரிமை உண்டு. எனவே எழுத்தில் சம்மதம் வரும்வரை பழைய பாலிசியைக் காலாவதியாக விடக் கூடாது.