தராசை விட்டோம், துளைக்குப் போனோம்

வணக்கம் சார்,

மகள் பத்தாம் வகுப்பு. இங்கே மிச்சிகனில் அவள் பள்ளி இந்த ஆண்டுதான் முதன்முறையாக எஃப்.ஆர்.சி. என்ற, பள்ளிக் குழுக்கள் தாங்களே ரோபோ செய்து மோதும் போட்டியில் இறங்கியது. முதல் போட்டியில் 12 மேட்சில் நான்கில் ரோபோ நடுக்களத்தில் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு ரோபோவுக்கு இன்னும் பெரிய கை வைப்போம் என்கிறார்கள் பிள்ளைகள். பணம் திரட்டும் வேலை என் தலையில். நீங்கள் ஒரு குழுவுக்கு மென்ட்டராக (வழிகாட்டியாக) இருந்தவர். என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆண்டுதோறும் ஆட்டம் மாறும்; அடுத்தது என்ன என்பதே ஜனவரியில்தானே தெரியும்? கை தேவைப்படுமா என்று தெரியாமல் கைக்கு எதற்குப் பணம்?

எங்கள் குழுவின் முதல் சீசன் 2018. பவர் அப் என்ற ஆட்டம். மஞ்சள் துணி போர்த்திய பெட்டிகளைத் தூக்கி ஆளுயரத் தராசில் வைக்க வேண்டும். தட்டு நம் பக்கம் சாய்ந்திருக்கும்வரை நொடிக்கொரு புள்ளி ஏறும். விடுவோமா? நீளமாக ஒரு கை செய்தோம். அப்போதெல்லாம் ஆட்டத்தை அறிவித்து ஆறு வாரம் முடிந்ததும் ரோபோவைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, போட்டிவரை முத்திரை வைத்துவிட வேண்டும் (2020 முதல் அந்த விதி இல்லை). கை முதன்முதலாக அசைந்ததே அந்தக் கடைசி இரவில்தான். ஓட்டுகிற பையன் முழு ரோபோவை ஓட்டிப் பார்த்தது போட்டிக் களத்தில். கை உயர்ந்தது, ரோபோ குப்புற விழுந்தது. இரண்டு முறை.

மூன்றாவது மேட்சில் உங்களுடையது போலவே நின்றது. பிள்ளைகள் லேப்டாப்பைத் திறந்து அரை மணி நேரம் புரோகிராமில் தேடினார்கள். பக்கத்துக் குழுவின் மென்ட்டர், தலை நரைத்தவர், வந்து பேட்டரி முனையில் விரல் வைத்தார். நட்டு சுழன்றது. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் அந்தத் தளர்ந்த இடத்தில் வோல்டேஜ் படுத்துவிடும், ரோபோவின் மூளை அணைந்துவிடும். அன்றிலிருந்து மேட்சுக்கு முன் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்க்க ஒரு பெண்ணைப் போட்டோம்.

இரண்டாம் போட்டிக்குக் கையையே கழற்றிவிட்டோம். ஒரு பையன் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. தரை மட்டத்தில் ஒரு துளை உண்டு. அதில் பெட்டியைத் தள்ளினால் பின்னால் நிற்கும் மாணவர் எடுத்து அடுக்குவார், பெட்டிக்கு 5 புள்ளி. தபால் பெட்டியில் கடிதம் போடுகிற வேலை. அதை மட்டுமே செய்தோம்.

ஆனாலும் தரவரிசைப் பட்டியலில் பாதிக்குக் கீழேதான். அப்புறம் கூட்டணி பேரம், நம்மூர்த் தேர்தல் தோற்றது. இறுதிக்கட்ட ஆட்டங்களுக்காக, முன்னிலையில் இருக்கும் எட்டுக் குழுக்கள் ஆளுக்கு இரண்டு குழுக்களைக் கூட்டணியில் சேர்த்துக்கொள்ளும். அழைக்கும் வரிசை முதல் சுற்றில் 1 முதல் 8 வரை, இரண்டாவது தலைகீழாக 8 முதல் 1 வரை. ஆக, ஆகக் கடைசியாக அழைக்கப்படும் குழு முதலிடக் கூட்டணியில் போய் நிற்கும். அன்று முதலிடக் கூட்டணியிடம் தராசுக்கு ஏற்கெனவே இரண்டு ரோபோ இருந்தது. துளைக்கு ஆள் இல்லை. கேலரியில் உட்கார்ந்து எல்லா மேட்சையும் குறித்துக்கொண்டிருந்த அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் குழு எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள்.

பணம் வந்தால் கூடுதல் பேட்டரிகளும், ஓட்டிப் பழக இன்னொரு சக்கர வண்டியும் வாங்குங்கள். மகளிடம் ஒன்று கேளுங்கள்: நின்றுபோன அந்த நான்கு மேட்சுக்கு முன்னால் பேட்டரி நட்டைத் தொட்டுப் பார்த்தது யார்?