வியாபாரியிடம் விலை பேசும் முன் கிடாவை எடை போடுங்கள்
ஐயா, பண்ருட்டிப் பக்கம் தாங்கள் வளர்க்கும் ஆறு கிடாக்களுக்கு, வீடு தேடி வரும் வியாபாரி கண்மதிப்பில் சொல்லும் விலை கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். காலையில் தீவனம் வைப்பதற்கு முன், அடிவயிற்றில் சாக்கைக் கொடுத்துத் தொங்கு தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். 20 கிலோ உயிர் எடையில் ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ வரை கறி தேறும் என்பதால் (தலை, கால், குடல் தனி), உள்ளூர்க் கறிக்கடை விலையை வைத்து வியாபாரியின் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். அதன் பிறகும் அவர் கூட்டிக் கேட்காவிட்டால், ஆடு விற்கும் அண்டை வீட்டாரோடு வண்டி வாடகையைப் பகிர்ந்துகொண்டு, வெள்ளிக்கிழமை கூடும் வேப்பூர் ஆட்டுச் சந்தைக்கு விடியுமுன் போய்ச் சேருங்கள். துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் தரகர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பணத்தை எண்ணி வாங்கும்வரை கயிறு உங்கள் கையிலேயே இருக்கட்டும். புரட்டாசியில் மட்டும் விற்க வேண்டாம். தீபாவளியை ஒட்டி விலை ஏறும்.