214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647: வாசகர் கேள்விகள்

கேள்வி: 2147483647 ஒரு பகா எண் என்கிறார்கள். கணினி இல்லாத காலத்தில் இதை எப்படி உறுதி செய்தார்கள்?

பதில்: ஓர் எண் பகு எண் என்றால், அதன் வர்க்கமூலத்துக்குள்ளேயே ஒரு பகாக் காரணி அகப்பட்டுவிடும். இந்த எண்ணின் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். அதற்குள் இருக்கும் பகா எண்களோ நாலாயிரத்து எழுநூறுக்கும் அதிகம். அத்தனையாலும் கையால் வகுப்பது பெரும்பாடு.

18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் எண்ணின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டார். இது 2³¹ − 1. இதை மீதியின்றி வகுக்கும் எந்தப் பகா எண்ணிலிருந்தும் 1-ஐக் கழித்தால், வருவது 31-இன் மடங்காகத்தான் இருக்கும். ஃபெர்மாவின் சிறு தேற்றத்திலிருந்து கிடைப்பது இது. அந்தப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தரும் எண்கள் மட்டுமே தேறும். 46,340-க்குள் அவை, 1-ஐயும் பகு எண்ணான 63-ஐயும் தள்ளிவிட்டால், 372 தான். அவற்றிலும் பகு எண்களைக் கழித்துவிடலாம். முதல் நான்கான 249, 311, 497, 559 ஆகியவற்றில் 311 மட்டுமே பகா எண். எதுவும் வகுக்கவில்லை என்ற முடிவு 1772-இல் வெளியானது. ஒரு மாலைப்பொழுது கிடைத்தால் இந்தப் பட்டியலை நீங்களே எழுதிப் பாருங்கள். எனக்கு அது இன்றும் அலுக்கவில்லை.

கேள்வி: ஜாவா என்ற நிரல்மொழியில் இந்த எண்ணோடு 1 கூட்டினால் மைனஸ் எண் வருகிறது. பகா எண் என்பதாலா?

பதில்: இல்லை. அங்கே முழு எண்ணுக்கு (int) 32 பிட், அதாவது 0 அல்லது 1 வைக்கும் 32 இடங்கள். அதில் ஒன்று பிளஸ், மைனஸ் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டிலும் 1 நிரம்பினால் வருவது இந்த எண். அதற்கு மேல் இடமில்லை; 1 கூட்டினால் அது குறிக்கான பிட்டில் போய் விழுந்து மைனஸ் ஆகிவிடும். அது பகா எண்ணாகவும் அமைந்தது தற்செயல். 16 பிட்டின் உச்சமான 32767-ஐப் பாருங்கள்: 7 × 31 × 151.

கேள்வி: இதற்கு இரட்டைப் பகா எண், அதாவது 2 மட்டுமே தள்ளி நிற்கும் இன்னொரு பகா எண், உண்டா?

பதில்: கிடையாது. இரண்டு குறைத்தால் கடைசி இலக்கம் 5. இரண்டு கூட்டினால் 3-ஆல் வகுபடும்.

கேள்வி: 3, 7, 127 என ஒவ்வொன்றையும் 2-இன் அடுக்கில் வைத்து 1 கழித்தால் மீண்டும் பகா எண்ணே வருகிறது. 2147483647-ஐயும் அப்படி வைத்தால்?

பதில்: நல்ல கேள்வி. 2¹²⁷ − 1 வரை அந்த வரிசை சரிதான். அது பகா எண் என்று 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூகாஸ் காட்டினார். ஆனால் அடுக்கில் பகா எண் இருப்பது மட்டும் போதாது: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. நீங்கள் கேட்கும் எண்ணுக்கு 64 கோடிக்கு மேல் இலக்கங்கள் உண்டு. அதுவும் பகு எண்தான். அதன் ஒரு காரணி 295257526626031. ஆய்லர் பயன்படுத்திய அதே விதி இங்கேயும் நிற்கிறது: இந்தக் காரணியிலிருந்து 1-ஐக் கழித்து 2147483647-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் 137490 வரும்.