போர் வந்தால் பங்குகள் ஏறுமாம்... இன்னொரு கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு மாதச் சம்பளம் 48,000 ரூபாய். "1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்திலிருந்து அமெரிக்காவை மீட்டதே இரண்டாம் உலகப்போர்தான். இப்போதும் உலகமெல்லாம் சண்டை, பாதுகாப்புத் துறை ஃபண்டில் போட்டால் அள்ளலாம்" என்று மைத்துனர் சொன்னார். மனைவியின் நகையை வங்கியில் அடகு வைத்து, 10% வட்டிக்கு 4 லட்சம் எடுத்து நாலு மாதம் முன்பு போட்டேன். இப்போது 3.7 லட்சமாக நிற்கிறது. "இறங்கும்போதுதான் வாங்கணும்" என்று 14% வட்டியில் இன்னும் 3 லட்சம் பர்சனல் லோன் எடுக்கச் சொல்கிறார். 2021-ல் கிரிப்டோவுக்கும் அவர் பேச்சைக் கேட்டுத்தான் கடன் வாங்கினேன். என்ன செய்வது? – வாசகர், திருச்சி

பதில்: பர்சனல் லோன் வேண்டவே வேண்டாம். ஃபண்ட் நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அப்புறம். மைத்துனர் ஒரு கதையோடு வரும்போதெல்லாம் நீங்கள் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள்; அதுதான் சிக்கல்.

கதையில் பாதி உண்மை. 1933-ல் அமெரிக்கத் தொழிலாளர்களில் நாலில் ஒருவருக்கு வேலையில்லை. 1940-லும் அது 14 சதவீதத்துக்கு மேல். 1944-ல் ஒரு சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. ஆனால் மீட்சி போருக்கு வெகுமுன்பே, 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் தங்கத்துக்கும் டாலருக்கும் இருந்த பிணைப்பைத் தளர்த்தியபோதே தொடங்கிவிட்டது. 1937-ல் அரசு செலவைக் குறைத்து, மத்திய வங்கியும் பிடியை இறுக்கியதால் மறுபடி சறுக்கியது. போர் வந்ததும் அரசு செலவுக்குத் தயங்குவதை விட்டது. 1940-ல் சுமார் 4,300 கோடி டாலராக இருந்த அரசுக் கடன் 1945-ல் 25,900 கோடியைத் தொட்டது.

கடன் வாங்கியது அரசு. குடும்பங்கள் என்ன செய்தன தெரியுமா? ஓவர்டைம் சம்பளம் வந்தது, செலவழிக்கப் பொருள் இல்லை. 1942-லிருந்து புதுக் கார் தயாரிப்பே நின்றுபோனது. சர்க்கரை, பெட்ரோல், டயருக்கெல்லாம் ரேஷன். மக்கள் பழைய கடனை அடைத்தார்கள், 18.75 டாலர் கொடுத்தால் பத்து வருடத்தில் 25 டாலராகும் போர்ப் பத்திரம் வாங்கினார்கள். கைக்கு வந்த வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சேமிப்பானது. அதில் கொஞ்சத்தைப் போருக்குப் பிந்தைய விலைவாசி தின்றது என்பதும் உண்மைதான்.

சரி, பங்குகள்? 1941 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கும் முன், அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 116 வாக்கில் இருந்தது. அடுத்த ஏப்ரலில் 93. 1929-ன் உச்சத்தை அது மறுபடி தொட்டது 1954 நவம்பரில்! ஆயுதத் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின, ஆனால் 1944-ல் மிகை லாபத்தின் (வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்த லாபம்) மீது 95% வரை வரி இருந்தது. பிரிட்டனோ, போரில் ஜெயித்துவிட்டு 1946-ல் அமெரிக்காவிடம் வாங்கிய கடனின் கடைசித் தவணையை 2006 இறுதியில்தான் கட்டியது. இதையெல்லாம் மைத்துனர் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது உங்கள் கணக்கு. நகைக்கடன் வட்டி வருடத்துக்கு 40,000. 3 லட்சம் லோனை மூன்று வருடத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 10,250; முதல் வருட வட்டி மட்டும் 37,000 வரும். ஆக 77,000. போட்ட 7 லட்சமும் அன்றைய டவ் போல 20% இறங்கினால் 1.4 லட்சம் காலி. ஒரே வருடத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல், உங்களுடைய நாலு மாதச் சம்பளத்துக்கும் அதிகம். ஏறினாலும் 14 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் அந்த லோனில் ஒரு ரூபாயாவது மிஞ்சும். ஒரு துறை நன்றாக ஏறி முடித்த பிறகு அதன் பெயரில் வரிசையாக வரும் ஃபண்டுகள் மீது எனக்கு எப்போதுமே நம்பிக்கை குறைவு.

இந்த வாரமே யூனிட்டுகளை விற்றுவிடுங்கள். 3.7 லட்சம் கிடைக்கும். வெளியேறும் கட்டணம் இருந்தால் சற்றுக் குறையும். அசலில் 30,000, நாலு மாத வட்டி 13,000 என்று சுமார் 43,000 துண்டு விழும். சேமிப்பிலிருந்தோ போனஸிலிருந்தோ போட்டு நகையை மீட்டுவிடுங்கள். நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் தவறாமல் காட்டுங்கள். உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால் எட்டு வருடம் வரை பிற்கால மூலதன ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். மைத்துனர் கேட்டால், நகைக்குச் சொந்தக்காரரான அவர் தங்கையிடமே பேசச் சொல்லுங்கள்.