பழைய வீட்டுச் சுவரில் ஓதமும் பாசியும்: எந்தப் பெயின்ற் அடிக்கலாம்?

திருகோணமலையில் பழைய வீடு, உள்சுவரில் இடுப்பளவுக்கு ஓதம், வெளிச்சுவரில் கறும்பாசி, மாரிக்கு முன் எந்தப் பெயின்ற் அடித்தால் நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதுவும் அடிக்காதீர்கள்.

நான் அடித்துக் கெட்டவன். எங்கள் வீடு கடலிலிருந்து நான்கு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சாந்துக் கட்டு. விறாந்தைச் சுவர் பொருமி உதிரத் தொடங்கியதும், இடுப்பளவுக்குக் காறையைக் கொத்தி எடுத்துச் சீமெந்து பூசினோம். அதன்மேல் நீர்புகாப் பெயின்ற் வேறு. முதல் மாரி அழகாகக் கழிந்தது. அடுத்த மாரியில், சீமெந்து முடிகிற கோட்டுக்கு மேலே மார்பளவில் புது ஓதம். சுண்ணாம்புச் சுவர் நீரை உறிஞ்சும், காய்கிறபோது வெளியே விட்டுவிடும். அந்த வழியை நாங்களே அடைத்துவிட்டோம். நீர் மேலே ஏறிவிட்டது.

பிறகு வந்த வயதான மேசன் கரண்டியைத் தொடவே இல்லை. சுவரில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "கடல் உப்பு, தம்பி. மழை பெய்யாவிட்டாலும் இந்தச் சுவர் வியர்க்கும்" என்றார். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். கார்த்திகையில் உப்புச் சாடியை மூடாமல் வைத்தவர்களுக்கு இது புதிதல்ல. கடற்காற்றும், அந்நாளில் கழுவாமல் கலந்த கடல் மணலும் சுவருக்குள் உப்பைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அதன்மேல் எதைப் பூசினாலும் கொப்பளிக்கும். ஓதக் கோட்டுக்கு மேலே ஒரு முழம் வரை பழைய காறையை எடுத்துவிடத்தான் வேண்டும். கொத்திய காறையைச் சுவரடியிலேயே குவித்து வைக்காதீர்கள். உப்பு திரும்ப உள்ளே போகும்.

அதற்கு முன் நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். துளிகள் பொலித்தீனின் உட்பக்கத்தில், அதாவது சுவரைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் நனைந்திருந்தால் அது வீட்டுக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி குறையும்.

நிலத்திலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் மூன்றடிக்குள் நின்றுவிடும். எங்கள் வீட்டில் காரணம் வெளியே இருந்தது. வளவுக்கு மண் போட்டுப் போட்டு, முற்றம் வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்டிருந்தது. சுவரோரம் வெட்டி, தரைமட்டத்துக்கு அரையடி கீழே கொண்டுபோனோம். ஓட்டையாகிக் கிடந்த கூரைப் பீலியையும் (மழைநீர் வடிகிற தகரவாய்க்கால்) மாற்றினோம். பெயின்ற் செலவில் கால்வாசிகூட ஆகவில்லை.

வெளிப்பாசி வேறு கதை. நமக்கு மழை வாடையோடு வருவதால் வடகிழக்கு பார்த்த சுவர்தான் முதலில் கறுக்கும். ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டு, தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அமிலம் எதையும் இதோடு சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். கம்பித் தூரிகையும் அழுத்த நீர்ப்பாய்ச்சலும் சுண்ணாம்புக் காறையைப் பெயர்த்துவிடும். மதிலில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்கி எறிந்து திருப்திப்படாதீர்கள். வேர் உள்ளே இருக்கும். இரண்டு கல்லைக் கழற்றியாவது அதை எடுத்துவிட்டு மீண்டும் கட்டுங்கள்.

இனிப் பூச்சு. ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் சுண்ணாம்பும் கழுவிய ஆற்று மணலும், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பூசினால் வெயில் ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சிவிடும். நனைத்த சாக்குத் தொங்கவிட வேண்டும். மேசன்மார் இதற்கு முணுமுணுப்பார்கள், விடாதீர்கள். சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் ஒரே கோடையில் காயாது.

எங்கள் குசினி மூலை மார்கழியில் இன்னும் கொஞ்சம் வியர்க்கிறது. அலுமாரியை அங்கிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறோம்.