பதில்: ஃபூக்கோவின் பணிவரிசையில் ஆண்டுகள் இடிக்கின்றன

வணக்கம். பிரெஞ்சு மெய்யியலாளர் மிஷேல் ஃபூக்கோவின் பணிகளை அட்டவணையாகத் தொகுக்கும் நீங்கள், அவருக்கு 1961இல்தான் முனைவர் பட்டம், 1960லேயே எப்படிப் பேராசிரியர் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டுகள் சரி, பதவிப் பெயர்தான் தவறு. 1960இல் பிரான்ஸின் கிளெர்மோன்-ஃபெரான் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியருக்குக் கீழ்நிலைப் பதவியில் சேர்ந்தார். முழுப் பேராசிரியரானது 1962இல். அங்கே முதலில் நடத்தியது உளவியல். 1952 முதல் லீல் பல்கலைக்கழகத்தில் நடத்தியதும் அதுவே. அதனால் அட்டவணையில் அவர் நடத்திய துறைக்கென ஒரு நெடுவரிசை கட்டாயம் வையுங்கள்.

ஸ்வீடனின் உப்சாலா (1955–58), போலந்தின் வார்சா, ஜெர்மனியின் ஹாம்பர்க் மூன்றையும் வெறும் "பேராசிரியர் பணி" என்று எழுதாதீர்கள். அவை பிரெஞ்சு அரசின் பண்பாட்டுப் பணிகள், கூடவே மொழி, இலக்கிய வகுப்புகள். முனைவர் பட்ட ஆய்வேட்டை முதலில் உப்சாலாவில் ஏற்கவைக்க முயன்றார், நடக்கவில்லை. பாரிஸில் 1961 மே 20 அன்று வாய்மொழித் தேர்வு. அன்றைய விதிப்படி இரண்டு ஆய்வேடுகள்: முதன்மையானது பித்தின் வரலாறு, துணை ஏடு ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட்டின் மானிடவியல் நூலுக்கு மொழிபெயர்ப்பும் முன்னுரையும். பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். அவர் சிந்தனையில் கான்ட்டின் இடம் அதனால் மறைந்துபோகிறது, பெரிய இழப்பு.

பிறகு துனிசியாவின் துனிஸ் பல்கலைக்கழகம் (1966–68), பாரிஸின் வென்சேன் பல்கலைக்கழகம், 1970இல் பாரிஸிலுள்ள உயர் ஆய்வு நிறுவனமான கொலேஜ் து பிரான்ஸ். "அங்கே அவரிடம் பட்டம் பெற்றவர்" என்ற உங்கள் வரியை நீக்கிவிடுங்கள். அந்நிறுவனம் பட்டம் தருவதில்லை. விரிவுரைகள் எவரும் வந்து கேட்கக்கூடியவை. 1977இல் விடுப்பு, ஆகவே அவ்வாண்டு விரிவுரையைத் தேட வேண்டாம்.